நோய் தணிந்த பின் நுரையீரல்



சிறு வயதில் கீழே விழுந்து முழங்காலில் காயம் பட்டிருக்கும். அது என்றோ ஆறியிருக்கும். ஆயினும், அவ்விடத்தைத் தடவிப் பாருங்கள். தோல் சற்றே தடித்திருக்கும். அதைத் தழும்பு என்கிறோம். இத்தகைய தழும்பு நுரையீரலுக்குள்ளும் உண்டாகலாம். அது கண்ணுக்குத் தெரியாது. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதில்தான் தெரியவரும்.

நுரையீரலில் கோடிக்கணக்கான காற்றுச் சிற்றறைகள் உள்ளன. அவற்றின் மெல்லிய சுவர்களின் வழியே பிராணவாயு இரத்தத்தில் கலக்கிறது. கொடிய வைரஸ் காய்ச்சலில் அச்சுவர்கள் வீங்கிப் புண்படுகின்றன. புண் ஆறும்போது சில இடங்களில் சுவர் தடித்து விறைத்துவிடுகிறது. பிராணவாயு அதனூடே எளிதில் புக இயலாது.

2003-ஆம் ஆண்டில் சார்ஸ் என்னும் நோய் பல நாடுகளில் பரவியது. 8,000-க்கு மேற்பட்டோர் அதற்கு ஆளாயினர். அவர்களுள் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் மருத்துவப் பணியாளர். நோயாளியின் அருகில் நின்று மூச்சுக் குழாய் பொருத்துபவருக்கே ஆபத்து மிகுதி அல்லவா?

பெய்ஜிங் நகரில், பீக்கிங் பல்கலைக்கழக மக்கள் மருத்துவமனையில் அவ்வாறு நோயுற்ற பணியாளர் 80 பேர். இருவர் மாண்டனர். எஞ்சிய 78 பேரை மருத்துவர்கள் தொடர்ந்து சோதித்து வந்தனர். 71 பேர் 15 ஆண்டுகள் முழுமையும் சோதனைக்கு உட்பட்டனர்.

அவர்கள் கண்டது என்ன? 2003-இல் நுரையீரலில் பழுதுற்றிருந்த பகுதி சராசரியாக நூற்றுக்கு 9.4 பங்கு. மறு ஆண்டே அது 3.2 ஆகக் குறைந்தது. அதன்பின் பெரிய மாறுதல் இல்லை, 2018-இல் 4.6. அதாவது, நுரையீரல் தேறுவதெல்லாம் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே. அதன்பின் எஞ்சும் தழும்பு நிலைத்துவிடுகிறது. தழும்பு எஞ்சியவர்களுள், வேகமாக மூச்சை ஊதி வெளியேற்றும் ஆற்றல் மேம்பட்டவர்கள் குறைவு.

இன்னொன்றும் உண்டு. உயிரைக் காக்கப் பெரும் அளவில் ஸ்டீராய்டு மருந்து செலுத்தினர். அதனால் சிலருக்குத் தொடை எலும்பின் தலைப்பகுதி பழுதுற்றது. நல்வாய்ப்பாக, அப்பழுது மேலும் வளரவில்லை; ஓரளவு சுருங்கவும் செய்தது. நுரையீரலுக்கு அளித்த மருந்தின் விலையை இடுப்பு செலுத்தியது எனலாம்.

இந்த ஆய்வு 2020-இல் வெளியாயிற்று. அவ்வாண்டில் உலகெங்கும் மருத்துவரும் செவிலியரும் கொரோனா நோய்க்கு ஆளாகிக்கொண்டிருந்தனர். இரு நோய்களின் வைரஸ்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. எனினும் ஒன்றின் கணக்கை மற்றொன்றுக்கு அப்படியே பொருத்தலாகாது. பாடம் மட்டும் பொதுவானது. காய்ச்சல் தணிந்த நாள் வேறு. நலம் திரும்பிய நாள் வேறு. இரண்டுக்கும் இடையிலுள்ள காலத்தை அளந்தறியப் பொறுமை வேண்டும்.

உங்களுள் சிலர் நாளை மருத்துவராகலாம்; செவிலியராகலாம். பிறர் மூச்சைக் காத்தவர்களின் மூச்சை ஆண்டுதோறும் சோதித்துப் பார்ப்பது, அவர்களுக்குச் சமுதாயம் செலுத்தவேண்டிய கடன் என்பதை மறவாதீர்கள்.