வலீமா மேசையும் கடைக் கணக்கும்

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு கல்யாண அழைப்பிதழ்கள் வரத் தொடங்கிவிடும். இம்முறை அழைப்பிதழுக்கு முன்னர் ஒரு கொட்டேஷன் வந்தது. புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர், தன் இளைய சகோதரனின் வலீமாவுக்கு ஹோட்டல் மண்டபம் ஒன்றில் வாங்கியது. "நானா, இத ஒருக்கா பாத்துச் சொல்லுங்க" என்றார்.

400 பேர். சாப்பாடு 1,200,000 ரூபா. அதில் குறை சொல்ல ஏதுமில்லை. கடைசி வரியில்தான் கண் நின்றது: "டிஸ்ப்ளே 300,000 ரூபா."

அந்த ஒரு வரியைப் பிரித்துக் கேட்கும்படி சொல்லி அனுப்பினேன். பழ அலங்காரம், ஜூஸ் மேசை, சொக்லட் நீரூற்று, இனிப்பு மேசை என்று பட்டியல் வந்தது. பாதிக்கு மேல் வாடகை: கண்ணாடித் தட்டு, ரெஜிபோம் வளைவு, மின்விளக்கு, பூ. வயிற்றுக்குப் போவது மீதிதான். அதுவும் வரி சேர்க்காத விலை. 10 வீத சேவைக் கட்டணத்தையும், 2024 ஜனவரியில் 18 வீதமாக்கப்பட்ட வற் வரியையும் போட்டால் 300,000 ரூபா 389,400 ரூபாவாகிறது.

"காசு எங்கிருந்து?" என்று கேட்டேன். "பெருநாள் யாவாரத்துக் காசு கடைல இருக்குதானே நானா" என்றார். அந்தக் காசு அவருடையதல்ல. அடுத்த மாதத் திகதியிட்டு மொத்த வியாபாரிக்குக் கொடுத்த காசோலைக்குரியது. ஒரு செக் திரும்பினால் பிறகு கடனுக்குச் சரக்குக் கிடைக்காது என்பது புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இஸ்ராப் பற்றி ஆலிம்கள் பேசட்டும். எனக்குத் தெரிந்தது கணக்கு.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதி என்பதால் மண்டபக்காரர் எல்லாவற்றையும் இரண்டாகப் போட்டிருந்தார். ஆண்கள் வந்து, மாப்பிள்ளைக்கு முஸாபஹா செய்து, ஆறு பேராக சஹனில் உட்கார்ந்து, சாப்பிட்டு எழும்பிப் போய்விடுவார்கள். அலங்கார மேசையை அவர்கள் திரும்பியும் பார்ப்பதில்லை. பெண்கள் பிள்ளைகளோடு இரண்டு மணி நேரமாவது இருப்பார்கள். ஆகவே மேசை பெண்கள் பக்கம் மட்டும் என்று முதல் வெட்டு வெட்டினேன்.

பானத்துக்கு அளவு இலகு. தலைக்கு 200 மில்லிலீற்றர் என்றால் 400 பேருக்கு 80 லீற்றர். பிள்ளைகள் இரண்டாவது தரம் கேட்பார்கள் என்று பத்திலொரு பங்கு கூட்டினால் 88. பலூதாவை டம்ளரில் ஊற்றிக் கோபுரமாக அடுக்குவது படத்துக்கு அழகு. ஆனால் ஐஸ் கரைந்து தண்ணீராகி, கசகசா அடியில் தங்கிவிடும். ஆள் வரவர ஊற்றுவதே சரி.

பழத்தில் நானே அடிபட்டவன். 2014இல் என் மகனின் வலீமாவுக்கு அப்பிளும் திராட்சையும் அன்னாசியும் வெட்டி அஸருக்குப் பின்னரே அடுக்கிவிட்டார்கள். இஷாவுக்குப் பிறகு விருந்தினர் வந்தபோது எல்லாம் வாடிக் கறுத்திருந்தது. அத்தனையையும் கொட்டினோம். வெட்டிய பழத்தை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. செதுக்கிய வத்தகப்பழம் ஒன்று பார்வைக்குப் போதும். சாப்பிட வைப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி வைக்கச் சொல்லுங்கள். அப்பிளும் திராட்சையும் டொலரில் வருபவை. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியபோது அவற்றின் விலை எங்கே போனது என்பது நினைவிருக்கும். பேலியகொட மெனிங் சந்தையில் நம் நாட்டு அன்னாசியும் பப்பாசியும் மாம்பழமும் கிடைக்கும்போது அவை எதற்கு?

சொக்லட் நீரூற்று நின்றுவிடாமல் சூட்டோடு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். விசிறிக் காற்றுப் பட்டால் தெறிக்கும். முடிவில் இயந்திரத்தில் மிஞ்சுவது வீண். அதை முழுதாகவே வெட்டினேன்.

என் வழக்கம், சாப்பாட்டுச் செலவில் பத்திலொரு பங்குக்கு மேல் மேசைக்குப் போகக் கூடாது என்பது. இங்கே 120,000 ரூபா, வரியோடு சேர்த்து. அதுவும் வீட்டுச் சேமிப்பிலிருந்து. வட்டிலாப்பத்தை வீட்டிலேயே செய்து சின்னக் கப்களில் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. வெளியுணவுக்கு மண்டபம் சம்மதமா, அதற்குக் கட்டணம் உண்டா என்பதை முற்பணம் கொடுக்கும் முன்னரே எழுத்தில் வாங்கச் சொன்னேன். பல இடங்களில் பிறகுதான் தகராறு வருகிறது.

வலீமா முடிந்தது. காசோலையும் அதன் திகதியில் மாறியது. பெண் வீட்டு மாமி ஒருவர் மாத்திரம் "சொக்லட் ஒண்டும் வெக்கல்லயா?" என்று கேட்டாராம். ஒன்பது மணிக்கு முன்பே வட்டிலாப்பம் முடிந்துவிட்டது. இன்னும் ஐம்பது கப் சொல்லியிருக்க வேண்டும். அது நான் விட்ட பிழை.