மாண்டலின் ஸ்ரீநிவாஸ் ஏன் எலெக்ட்ரிக் மாண்டலின் வாசித்தார்? 'பிக்கப்' செய்யும் வேலை என்ன?

கர்னாடக சங்கீதத்தின் உயிர் கமகம். அது மாண்டலினில் வருமா என்ற கேள்விக்குப் பதில் சொன்னவர் யு.ஸ்ரீநிவாஸ் (1969–2014). அவர் கையில் இருந்தது எலெக்ட்ரிக் மாண்டலின். சத்தம் அதிகமா கேட்கணும் என்பதற்காக மட்டுமா? இல்லை.

என்ன சிக்கல்?

சாதாரண மாண்டலினில் 8 தந்திகள், 4 ஜோடிகளாக இருக்கும். மீட்டிய ஒலி சட்டென்று அடங்கிவிடும். ஜோடித் தந்திகளை ஒன்றாக இழுத்து வளைப்பதும் கஷ்டம். கமகத்துக்கோ ஒரே மீட்டலில் ஸ்வரம் நீண்டு நிற்கணும். எனவே ஒற்றைத் தந்திகள் 5 கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினை அவர் வாசித்தார்.

பிக்கப் எப்படி வேலை செய்கிறது?

ஒரு காந்தம், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக மெல்லிய செம்புக் கம்பி. அவ்வளவுதான்! மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால், கம்பிச் சுருளில் சிறிய மின்னழுத்தம் உருவாகும். ஆம்ப்ளிஃபையர் அதைப் பெரிதாக்கும். தேய்ந்து மறையும் ஒலியும் இதனால் காதுக்கு எட்டும். வெறும் பித்தளைத் தந்தி என்றால் பிக்கப் கண்டுக்கவே கண்டுக்காது.

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போறீங்களா?

அதிலும் இதே பிக்கப்தான். தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அருகில் இருந்தால் ஒலி கூர்மையாக இருக்கும். கழுத்துப் பக்கம் இருந்தால் கனிவாக இருக்கும். ஒற்றைச் சுருள் பிக்கப், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் சேர்த்தே பிடிக்கும். 'உம்ம்' சத்தம் வேண்டாம் என்றால், இரட்டைச் சுருள் கொண்ட 'ஹம்பக்கர்' கேளுங்கள். இரண்டு சுருள்களும் எதிரெதிராக இணைக்கப்பட்டிருப்பதால் இரைச்சல் அடிபட்டுப் போகும். தந்தியின் ஒலி மட்டும் நிற்கும்.