அல்பேர்ட் பின்னி: தொழிலாளிக் குரலும் பிரித்தானியத் திரையும்

நடிகன் ஒருவனின் வளர்ச்சியைத் தனிமனித ஆற்றலின் வரலாறாகக் கூறுவது முதலாளித்துவ விமரிசனத்தின் வழமை. அல்பேர்ட் பின்னியின் (1936–2019) கலைவாழ்வை அவ்வாறு நோக்கின், அதன் அடிப்படை முரண்பாடு நம் பார்வைக்குத் தப்பிவிடும்.

பின்னி, வட இங்கிலாந்தின் கைத்தொழில் நகரான சல்போட்டிலே பிறந்தவர். தந்தையார் குதிரைப்பந்தயப் பணம் ஏற்பவர். 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அரசாங்க இடைநிலைக் கல்வியை இலவசமாக்கியது. அதன் பயனைப் பெற்ற தலைமுறையே 1950களில் இலண்டன் நாடகக் கல்லூரியினுட் புகுந்தது. பீற்றர் ஓ'டூலும் அலன் பேற்சும் பின்னியுடன் அங்குப் பயின்றோரே.

1960இல், அலன் சிலிற்றோவின் நாவலைத் தழுவி, கரெல் றைஸ் நெறியாள்கை செய்த 'சனி இரவும் ஞாயிறு காலையும்' வெளிவந்தது. அதுவரை பிரித்தானியத் திரையிலே தொழிலாளியின் பேச்சு பெரும்பாலும் நகைப்புக்கே பயன்பட்டது. பின்னி நடித்த ஆதர் சீற்றனோ பிறரைச் சிரிக்கவைக்கப் பேசுபவனல்லன். நொட்டிங்ஹாம் சைக்கிள் தொழிற்சாலையில், கடைசல் இயந்திரத்தின் முன் நின்று, முடித்த உறுப்புகளை எண்ணியவாறே அவன் அறிமுகமாகிறான். உழைப்பின் சலிப்பையும் உடலின் திமிரையும் ஒருங்கே புலப்படுத்தும் நடிப்பு அது. எனினும் அவனது எதிர்ப்பு மதுவிலும் சகதொழிலாளி ஒருவரின் மனைவியுடனான உறவிலுமே செலவழிகிறது. தொழிற்சங்கத்தை நோக்கி அது நகர்வதில்லை. இக்குறையை நடிகன்மேற் சுமத்துதல் தகாது. அக்காலக் 'கோபக்கார இளைஞர்' இலக்கியம் முழுவதற்கும் உரிய எல்லை அது.

நீண்டகால ஒப்பந்தத்தில் கட்டுண்ண விரும்பாத பின்னி, 'அரேபியாவின் லோறன்ஸ்' படவாய்ப்பை மறுத்தார். 'ரொம் ஜோன்ஸ்' (1963) இலாபத்திற் கிடைத்த பங்கு அவரைச் செல்வராக்கியது. அப்பின்னர் மைக்கல் மெட்வினுடன் சேர்ந்து படநிறுவனமொன்றை நடத்தினார். லின்ட்சே அன்டர்சனின் 'இஃப்' (1968) அந்நிறுவனத்தின் தயாரிப்பே.

பின்னி தாமே நெறியாள்கை செய்து நடித்த 'சார்லி பபிள்ஸ்' எம்மைப் பொறுத்தவரை இவை யாவற்றினும் முக்கியமானது. கதையை எழுதிய ஷீலா டிலேனியும் சல்போட்டைச் சேர்ந்தவர். புகழ்பெற்ற எழுத்தாளனொருவன் றோல்ஸ் றோய்ஸ் காரிலே தன் வடபுலத்திற்குத் திரும்புகிறான். பிறந்த மண்ணோடு அவனால் ஒட்ட முடியவில்லை. முடிவில் பலூன் ஒன்றிலேறிப் பறந்துவிடுகிறான். தப்பியோடல்தான், ஆயினும் தன் வர்க்கத்திலிருந்து பிரிந்தவனின் வெறுமையை அப்படம் பூசிமெழுகவில்லை.

தேசிய அரங்கில் 'ஹம்லற்', 'தம்பர்லேன்' முதலியவற்றிலும் அவர் பிரதான பாத்திரமேற்றார். 1980இல் அரச விருதையும் 2000இல் 'சேர்' பட்டத்தையும் அவர் மறுத்தமையைப் புரட்சிச் செயலென மிகைப்படுத்தவேண்டியதில்லை. பட்டங்கள் மேட்டிமைத்தனத்தையே நிலைநிறுத்துவன என்பது அவர் கருத்து. ஆனால் 'த டிரெஸ்ஸர்' (1983) படத்திலே, போர்க்காலத்தில் ஊரூராய் நாடகம் நடத்தும் முதிய நடிகராக வந்தபோது, அப்பாத்திரத்துக்கு வழங்கிய ஒரே பெயர் 'சேர்' என்பதே. பட்டம் மறுத்தவர் நாற்பத்தேழு வயதில் அம்முதியவராய் அத்தனை நம்பகமாக நின்றார்.