கணனிக்குச் சமையல் சொல்லிக்கொடுத்தேன்



பண்டாரவளையில் நான் மதியச் சாப்பாட்டுப் பார்சல் கட்டிக் கொடுத்து வருகிறேன். வாங்குபவர்களில் ஒருவருக்கு நீரிழிவு. இன்னொருவருக்கு இரத்த அழுத்தம். ஒரு சிறு பிள்ளைக்குப் பசுப்பால் ஒவ்வாது. இத்தனையையும் மனதில் வைத்திருக்க முடியாமல், கணனியில் எக்ஸெல் அட்டவணை ஒன்றைத் தயாரித்தேன்.

முதல் நிரலில் சமையல் பொருள், அடுத்ததில் அது யாருக்குக் கூடாது, மூன்றாவதில் மாற்றுப் பொருள். "இது இருந்தால் அதைப் போடு" என்பதே கட்டளை. "பால்" என்ற சொல்லைக் கண்டால் நிறுத்தும்படியும் செய்தேன்.

தவறு அங்கேதான் நேர்ந்தது. பசுப்பாலே சேராத தேங்காய்ப்பால் சொதியைக் கணனி தடுத்தது. அந்தப் பிள்ளையின் தாய் கர்ப்பிணி. கிளினிக்கில் கிடைத்த திரிபோஷாவில் உருண்டை பிடித்துத் தரும்படி கேட்டார். அதற்குக் கணனி "கொடுக்கலாம்" என்றது! நல்லவேளை, பக்கற்றை வாசித்தேன். சோளம், சோயாவுடன் பால்மாவும் அதில் உண்டு. வீட்டில் அந்தப் பிள்ளையும் ஒன்றை எடுத்துத் தின்றிருக்குமே! நெஞ்சு பதறிவிட்டது.

அன்றே அட்டவணையைத் திருத்தினேன். பெயரைப் பார்க்காமல், பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று எழுதினேன். உப்பைக் குறைத்தாலும் கருவாட்டிலும் மாசியிலும் உப்பு வந்துவிடும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டி அளவுதான். சீனிக்குப் பதில் கருப்பட்டி என்று எழுதியிருந்ததையும் அழித்தேன். நீரிழிவுக்காரருக்கு அதுவும் சர்க்கரையே.

மாற்றுப் பொருள் கிடைத்தால் மட்டும் போதாது, சமைக்கும் முறையும் மாறவேண்டும். 1986ஆம் ஆண்டு அமெரிக்காவில் கிறிஸ்டியன் ஹேமண்ட் என்பவர் "செஃப்" என்ற கணனி நிரலை விளக்கி எழுதினார். மாட்டிறைச்சியும் போஞ்சியும் சேர்ந்த வறுவலில், போஞ்சிக்குப் பதில் புரொக்கோலி என்ற பச்சைப் பூக்கோவாவை அது மாற்றிப் பார்த்தது. இறைச்சியிலிருந்து விட்ட நீரில் பூக்கோவா நொய்ந்துபோகும் என்று கண்டு, இரண்டையும் தனித்தனியே வறுக்கும்படி முறையைத் திருத்தியது.

நம் ரொட்டிக்கும் இதே கதைதான். கோதுமை மாவில் உள்ள குளுட்டன் என்ற பசைப்புரதம் குரக்கனில் இல்லை. தனிக் குரக்கன் ரொட்டி பிய்ந்துபோகும். எனவே "கொதிநீர் விட்டுக் குழை, சிறிதாகத் தட்டு" என்றும் அட்டவணையில் சேர்த்தேன். குரக்கனிலும் மாச்சத்து உண்டு என்பதால், நீரிழிவுக்காரருக்கு அளவையும் குறித்தேன்.

கடைசியாக ஒரு கட்டளை: கட்டம் வெறுமையாக இருந்தால் "கொடுக்கலாம்" என்று சொல்லாதே, "கேட்டுப் பார்" என்று சொல். சிறுநீரக நோயாளிக்கு நான் எதையும் மாற்றுவதில்லை. வைத்தியர் சொன்னதையே எழுதுகிறேன். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும், அது அவர்களுக்கு ஆபத்தாகலாம்.

கணனி இல்லையா? ஒரு கொப்பியில் கோடு போட்டு, இந்தக் கட்டங்களை இன்றே நிரப்பத் தொடங்குங்கள். பிறருக்குச் சமைக்கும் கைக்கு அந்தக் கவனமே முதல் தேவை.