புது மினி டிராக்டர் வாங்கியாச்சா? முதல் 50 மணி நேரம் ரொம்ப முக்கியம்!

நாசரேத், குரும்பூர், ஆழ்வார்திருநகரி பக்கம் ஒரு வீட்டுக்குப் புது மினி டிராக்டர் வந்தால், அன்றைக்கு அங்கே விசேஷம்தான். சிலர் போதகரை அழைத்து ஜெபம் பண்ணுவாங்க. சிலர் சந்தனம், குங்குமம் பூசி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பாங்க. சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கிற மகனோ மகளோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டுவிடுவார். மாதத் தவணையும் பல வீடுகளில் அவங்க அக்கவுன்ட்டில் இருந்துதான் போகும்.

வண்டியோடு வந்த கையேடு மட்டும் பிளாஸ்டிக் கவரைக்கூடப் பிரிக்காமல் அப்படியே கிடக்கும். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. லட்சக்கணக்கில் கடன் வாங்கி எடுத்த வண்டி கடன் முடிந்த பிறகும் உழைக்குமா, இல்லை தவணை ஓடும்போதே இன்ஜினைப் பிரிக்க வைக்குமா என்பதில், முதல் சில வாரங்களில் நாம் செய்வதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. என்னென்ன பார்க்கணும்? எளிமையாகப் பார்க்கலாம்.

லான் டிராக்டரும் மினி டிராக்டரும் ஒண்ணா?

இல்லை. யூடியூபில் பராமரிப்பு வீடியோ தேடினால் முதலில் வந்து நிற்பது அமெரிக்காவின் லான் டிராக்டர்கள். வீட்டு முற்றத்துப் புல்லை வெட்டும் வண்டி அது. பெரும்பாலும் பெட்ரோல் இன்ஜின், வயிற்றுக்கு அடியில் சுழலும் பிளேடு. நம்ம ஊரில் அதற்கு வேலை இருப்பது கோல்ஃப் மைதானம், பெரிய ரிசார்ட் போன்ற இடங்களில்தான்.

நம்ம தோட்டத்துக்கு வருவது மினி டிராக்டர். சுமார் 15 முதல் 30 குதிரைத்திறன் வரை உள்ள டீசல் வண்டி. ஸ்வராஜ் 717, மஹிந்திரா ஜிவோ, குபோடா நியோஸ்டார், வி.எஸ்.டி. சக்தி எல்லாம் இந்த வகைதான். அகலம் சுமார் 3 முதல் 4 அடி. வாழை வரிசைக்கு நடுவே 6 அடி இடைவெளி விட்டிருந்தால் உள்ளே புகுந்து ரோட்டவேட்டர் ஓட்டலாம். 25 அடி இடைவெளியில் நிற்கிற தென்னந்தோப்பில் இன்னும் சுலபம்.

அதனால் அந்த வீடியோக்களைப் பார்த்து ஆயில் மாற்றக் கிளம்ப வேண்டாம். பல சிறிய பெட்ரோல் இன்ஜின்களில் முதல் ஆயில் மாற்றம் 5 முதல் 8 மணி நேரத்திலேயே வந்துவிடும். மினி டிராக்டரின் கணக்கு வேறு.

கிலோமீட்டர் இல்லை, மணிக்கணக்கு

பைக்குக்கும் காருக்கும் கிலோமீட்டர் பார்த்து சர்வீஸ் விடுகிறோம். டிராக்டர் ஒரே தோட்டத்துக்குள் நாள் முழுக்கச் சுற்றும். போன தூரம் கொஞ்சம், இன்ஜின் உழைத்தது அதிகம். அதனால்தான் டேஷ்போர்டில் மணி மீட்டர் இருக்கிறது. ஆயில், ஃபில்டர், கிரீஸ் எல்லாமே அந்த எண்ணைப் பார்த்துத்தான்.

முதல் சர்வீஸ் பெரும்பாலான கம்பெனிகளில் 50 மணி நேரத்தில் வரும். உங்கள் மாடலுக்கு எத்தனை மணி என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சீசனில் தினமும் 6 மணி நேரம் ஓட்டினால் ஒன்பதாவது நாளே 50 தாண்டிவிடும். ‘இப்போதானே வாங்கினோம், அதுக்குள்ள என்ன சர்வீஸ்?’ என்று விடுவதுதான் முதல் தப்பு.

காரணம் இதுதான். புது இன்ஜினில் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று உரசிப் பொருந்துகின்றன. கியர்களும் அப்படித்தான். அப்போது உதிர்கிற நுண்ணிய உலோகத் துகள் ஆயிலில் கலக்கிறது. முதல் சர்வீஸில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுவது அதை வெளியேற்றத்தான். தள்ளிப்போட்டால் வாரன்டியும் சிக்கலாகலாம். கம்பெனி முதலில் கேட்பது சர்வீஸ் பதிவைத்தான்.

இந்தக் காலகட்டத்தில் ஓட்டும் விதமும் முக்கியம். முதல் நாளே முழு லோடு டிரெய்லரை மாட்டி இழுக்க வேண்டாம். அதற்காக நிழலில் நிறுத்தி மணிக்கணக்காக ஐடிலில் விடுவதும் கூடாது. மிதமான லோடு, மாறி மாறி வேகம். அப்போதுதான் ரிங் சரியாக உட்காரும். முதல் சில நாட்களில் வீல் நட்டு, ரோட்டவேட்டர் பிளேடு போல்ட் எல்லாம் இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். புது வண்டியில் இவை தளர்வது சகஜம்.

தேரி மண்ணும் ஏர் கிளீனரும்

நாசரேத்தின் இருப்பிடமே ஒரு தனிக் கதை. வடக்கே தாமிரபரணிப் பாசனத்தில் வாழையும் நெல்லும். தெற்கே சாத்தான்குளம், குதிரைமொழி பக்கம் பனை நிற்கும் செம்மணல் தேரி. ஒரே வண்டி காலையில் சேற்றிலும் மாலையில் புழுதியிலும் வேலை செய்யலாம்.

தேரி மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். இரும்பு ஆக்சைடு பூசியிருப்பதால் சிவப்பு. குவார்ட்ஸ் சாதாரண இரும்பைவிடக் கடினமானது. அந்தத் தூசி இன்ஜினுக்குள் போனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். அதைத் தடுத்து நிறுத்துவது ஏர் கிளீனர் ஒன்றுதான்.

உங்கள் வண்டியில் இருப்பது ஆயில் பாத் வகை என்றால், கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். அடியில் சேறு படிந்திருந்தால் கழுவி, குறியிட்ட அளவுக்குப் புது ஆயில் ஊற்றணும். காகித ஃபில்டர் வகை என்றால், குறைந்த அழுத்தக் காற்றை உள்ளிருந்து வெளிப்பக்கமாக அடிக்கணும். வெளியிலிருந்து அடித்தால் தூசி இன்னும் உள்ளே இறங்கும். டீசலிலோ பெட்ரோலிலோ காகித ஃபில்டரைக் கழுவவே கூடாது. உள்ளே இன்னொரு சிறிய பாதுகாப்பு ஃபில்டர் இருந்தால் அதைச் சுத்தம் செய்யாமல் மாற்றிவிடுவதே வழக்கம். தேரியில் ஓட்டும் நாட்களில் இந்தச் சோதனை தினமும் வேணும்.

ரேடியேட்டர் வலையையும் மறக்காதீங்க. காய்ந்த வாழைச் சருகும் தென்னை நாரும் அதில் அடைத்துக்கொண்டால் இன்ஜின் சூடாகிவிடும். தண்ணீர் குறைந்தால் பக்கத்து போர் தண்ணீரை ஊற்றும் பழக்கமும் வேண்டாம். கடலோரப் பகுதியில் உப்பு கலந்த தண்ணீர் உள்ளே படிந்து அடைப்பை உண்டாக்கும். கையேடு சொல்லும் கூலன்ட் மட்டும்தான்.

தோட்டம் வெள்ளத்தில் மூழ்கினால்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்து மக்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணியில் வெள்ளம். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு சிக்கி நின்றது. வாழைத் தோட்டங்களும் வண்டிகளும் தண்ணீரில் கிடந்தன.

அப்படி ஒரு நாள் திரும்ப வந்தால், நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீங்க. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது இன்ஜினைச் சுழற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதலில் பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றுங்கள். ஃபோட்டோ எடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். பிறகு மெக்கானிக் வந்து ஆயில், டீசல், ஏர் கிளீனர் எல்லாவற்றையும் பார்த்தபின்தான் சாவி.

சட்டப்படி கட்டாயமான மூன்றாம் தரப்புக் காப்பீடு, உங்கள் வண்டிக்கு வெள்ளத்தில் வரும் சேதத்துக்குப் பணம் தராது. சொந்த வண்டி சேதத்துக்கும் சேர்த்து பாலிசி எடுத்திருக்கணும். புதுப்பிக்கும்போது கொஞ்சம் பணம் மிச்சம் பிடிக்க பலர் இதைத்தான் வெட்டிவிடுகிறார்கள்.

துண்டு, சேலை, துப்பட்டா... கவனம்!

ரோட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். அதாவது நொடிக்கு 9 சுற்று. தோளில் கிடக்கும் துண்டின் நுனியோ சேலை முந்தானையோ மாட்டினால், கையை இழுக்கக்கூட நேரம் இருக்காது. தண்டின் மேல் வரும் பிளாஸ்டிக் கவசத்தை ‘கிரீஸ் அடிக்க இடைஞ்சல்’ என்று கழற்றிப் போடாதீங்க. பிளேடில் சுற்றிய வாழை நாரை எடுக்கணும்னா இன்ஜினை நிறுத்தி, சாவியைப் பையில் போட்ட பிறகுதான் குனியணும்.

மினி டிராக்டர் குறுகலான வண்டி. வாய்க்கால் கரையில் வேகமாகத் திருப்பினால் கவிழும். பிள்ளைகளை மட்கார்டில் உட்கார வைத்து ஒரு ரவுண்டு போவது வேண்டவே வேண்டாம்.

வாங்குவது லாபமா, வாடகை லாபமா?

இன்னும் வாங்கவில்லை என்றால் ஒரு சின்னக் கணக்கு. மாதத் தவணை 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 1,20,000. வண்டி வருஷத்தில் 100 மணி நேரம்தான் ஓடுகிறது என்றால், டீசலுக்கு முன்பே ஒரு மணி நேரத்துக்கு 1,200 ரூபாய் செலவு. 400 மணி நேரம் ஓடினால் அதே செலவு 300 ரூபாய். சொந்தத் தோட்டம் சிறிது என்றால், அக்கம்பக்கத் தோட்டங்களுக்கும் ஓட்ட ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையும் இயந்திரங்களை மணி வாடகைக்கு விடுகிறது. உழவன் செயலியில் பதியலாம்.

மானியம் எந்தக் கருவிக்கு, யாருக்கு, எவ்வளவு என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். புக் பண்ணும் முன்பே துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு போய் நின்றால் பயனில்லை. இன்னொரு விஷயம், 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் அந்த வரியைச் சரிபாருங்கள். சொந்த வேலைக்கு மினி டிராக்டர் ஓட்ட கார் ஓட்டுநர் உரிமம் போதும்.

யார் பார்த்துக்கொள்வது?

1878-ல் மர்காஷியஸ் தொடங்கிய கலைத்தொழிற்பள்ளி இருந்த ஊர் நாசரேத். கைத்தொழில் கற்றவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. வாரன்டி முடியும் வரை கம்பெனி சர்வீஸ், அதன் பிறகு நல்ல மெக்கானிக் என்று போகலாம். ஆனால் தினசரி வேலையை எந்த மெக்கானிக்கும் வந்து செய்ய மாட்டார். காலையில் ஆயில், கூலன்ட் அளவு. புழுதி நாளில் ஏர் கிளீனர். கிரீஸ் நிப்பிள்களுக்கு கிரீஸ். டீசல் ஃபில்டரில் தேங்கும் தண்ணீரை இறக்குவது. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகுமா?

வெளியூரில் இருக்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசும்போது மணி மீட்டரை ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 40-ஐத் தாண்டியிருந்தால் சர்வீஸ் சென்டருக்கு நீங்களே போன் போட்டு நாள் குறித்துவிடுங்கள். அப்படியே அந்தக் கையேட்டின் பராமரிப்பு அட்டவணைப் பக்கத்தையும் ஃபோட்டோ எடுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.