கடல் கடந்து வந்த வைத்தியர் முதலில் கற்ற பாடம்



வைத்தியம் படிக்கும் நம் பிள்ளைகள் இப்போது ஆராய்ச்சிக்காகச் சில மாதங்கள் பிறநாடு செல்கிறார்கள். முன்பின் அறியாத ஊரில் இறங்கியதும் முதலில் செய்ய வேண்டியது என்ன? இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது.

பளையிலிருந்து ஏ9 வீதியால் வடக்கே சென்றால் கொடிகாமம், சாவகச்சேரி தாண்டி யாழ்ப்பாணம் வரும். அதற்கு அப்பால் சிறிது தூரத்தில் மானிப்பாய். 1847 ஒக்டோபரில் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அடுத்த ஆண்டு மானிப்பாயில்தான் தம் வைத்தியப் பணியை ஊன்றினார். அப்போது அவருக்கு 25 வயது. கிறிஸ்தவ மிஷன் அனுப்பி வந்தவர் அவர். அவருடைய மார்க்கம் வேறு, நம் மார்க்கம் வேறு. ஆயினும் அவர் செய்த ஒரு காரியம் நாம் அறிந்து கொள்ளத்தக்கது.

அவர் தமிழைக் கற்றார். நோயாளி சொல்வது வைத்தியருக்கு விளங்காவிட்டால் மருந்துப் பெட்டி நிறைந்திருந்தும் என்ன பயன்? அத்துடன் அவர் நிற்கவில்லை. உள்ளூர் இளைஞர்களுக்கு மேலை வைத்தியத்தைக் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் நடந்த வகுப்புகள் 1860களில் தமிழுக்கு மாறின. அவரிடம் பயின்று வைத்தியரானவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர்.

தமிழில் படிக்க நூல் வேண்டுமே! அதையும் உண்டாக்கினார். 1857இல் 'பிரசவ வைத்தியம்', 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என ஒவ்வொன்றாக வெளிவந்தன. உடலுறுப்புகளுக்கும் நோய்களுக்கும் தமிழ்ச் சொற்களைத் தேடித் தேடித் தொகுத்தார். 1873இல் தாயகம் திரும்பி, 1884இல் அங்கேயே காலமானார். தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்றே தம் கல்லறையில் எழுதப்பட வேண்டுமென்பது அவர் விருப்பம்.

சகோதரிகளே, பேறுகாலம் பற்றிய நூல் அந்த வரிசையில் முன்னதாகவே வந்ததைக் கவனித்தீர்களா? வலியை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுபவள் பெண். சொல்ல மொழியும் இல்லையென்றால் அவள் பாதி நோயை மனதில் வைத்துக்கொண்டே வீடு திரும்புவாள். இன்றும் நம் தாய்மார் எத்தனை பேர், மருந்துச் சீட்டில் இருப்பது விளங்காமல் அண்டை வீட்டுப் பிள்ளையிடம் கேட்கிறார்கள்!

ஆகவே, உங்கள் மகளோ மகனோ ஆராய்ச்சிக்கென்று பிறநாடு புறப்பட்டால், அந்த ஊரின் பத்துச் சொல்லையாவது கற்றுக்கொண்டு போகச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும், கற்றதைத் தம் உம்மாவுக்கு விளங்கும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். நீங்களும் ஆஸ்பத்திரிக்குச் சென்றால், எந்த மருந்து, எத்தனை வேளை, உணவுக்கு முன்னா பின்னா என்பதை விளங்கும்வரை கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. விளங்காமல் விழுங்கும் மருந்தில்தான் ஆபத்து இருக்கிறது.