காமிராவின் சாவி யார் கையில்?

நமது கிராமங்களில் கண்காணிப்புக் காமிரா இப்பொழுது புதுமைப் பொருளன்று. மோட்டார்க் கொட்டகைக்கு ஒன்று, மாட்டுத் தொழுவத்துக்கு ஒன்று, வீட்டு வாசலுக்கு ஒன்று என்று விவசாயிகள் பலர் அமைத்துக்கொண்டு வருகின்றனர். கிணற்று மோட்டாரின் கேபிளைச் செம்புக்காக அறுத்துச் செல்லும் திருடரை நினைத்தும், தோட்டத்து வீட்டில் தனித்திருக்கும் வயோதிகப் பெற்றோரின் க்ஷேமத்தை நினைத்தும் இச்செலவு செய்யப்படுகிறது. வெளியூரிலோ வெளிநாட்டிலோ வேலை பார்க்கும் மகன், தாய் தந்தையர் நடமாடுவதைச் செல்போனில் ஒரு முறை பார்த்துவிட்டு நிம்மதியுடன் உறங்குகிறான். இது நல்ல உபயோகமே, குறை சொல்வதற்கில்லை.

ஆனால், மகன் பார்க்கக்கூடியதை மற்றவரும் பார்க்கக்கூடுமோ என்ற ஐயம் எழுந்துவிட்டால், காவலுக்கு வைத்த பொருளே கவலைக்குக் காரணமாகிவிடுகிறது. கொங்குப் பகுதியில் நாமறிந்த ஒரு தோட்டத்து வீட்டில் அவ்வாறுதான் நேர்ந்தது. திண்ணையில் பொருத்தியிருந்த, தலையைத் திருப்பும் வகைக் காமிரா, ஓர் இரவு தானாகவே சுழன்று வீட்டினுள்ளே பார்த்து நின்றது. மகனைக் கேட்டால், தான் திருப்பவில்லை என்றான். வீட்டு மூதாட்டி அதன்மேல் ஈரத் துண்டைப் போட்டு மூடிவிட்டார். அவருடைய தீர்மானம் முற்றிலும் பிழையென்று நாம் சொல்லமாட்டோம். எனினும் துண்டைப் போட்டால் காமிராவின் கண் மறையுமே தவிர, காது மறையாது. இக்காலக் காமிராக்கள் பலவற்றில் பேச்சைக் கேட்கும் கருவியும் உண்டு.

ஐயம் வந்தவுடன் கலங்க வேண்டுவதில்லை. முதலில் சாதாரணக் காரணங்களை ஆராய்தல் நலம். மின்சாரம் நின்று திரும்பி வரும்பொழுது, இவ்வகைக் காமிரா தன்னைச் சோதித்துக்கொள்வதற்காக ஒரு முறை இடமும் வலமும் சுழலும். மின்தடை மிகுந்த இடங்களில் இது அடிக்கடி நிகழும். அசைவைப் பின்தொடரும் வசதி இருப்பின், நாயோ பூனையோ போனால்கூடத் தலை திரும்பும். இரவில் மங்கலாகச் சிவந்து தெரியும் சிறு விளக்குகள் இருட்டில் படமெடுப்பதற்காக அமைந்தவை. இவை எதுவும் அந்நியர் புகுந்ததற்கு அடையாளமன்று.

மெய்யான அடையாளங்கள் வேறு. நேற்றுவரை செல்லுபடியான கடவுச்சொல், அதாவது பாஸ்வேர்டு, இன்று ஏற்றுக்கொள்ளப்படாமை. புதிய செல்போனிலிருந்து யாரோ உள்ளே நுழைந்ததாகக் கம்பெனியிலிருந்து வரும் தகவல். காமிராவைப் பார்க்க அனுமதி பெற்றோர் பட்டியலில் நாமறியாத பெயர். நாம் நிறுத்தாமலே பதிவு நின்றுபோதல். காமிராவின் ஒலிபெருக்கியில் அறியாதவர் குரல் கேட்டல். இவற்றில் ஒன்று காணப்பட்டாலும் அசட்டையாக இருக்கலாகாது.

அந்நியர் எவ்வழியாகப் புகுகின்றனர்?

காமிரா எடுக்கும் படம் நேரே நம் செல்போனுக்கு வந்துவிடுவதில்லை. வீட்டிலுள்ள வைஃபை ரவுட்டர் வழியாக வெளியே சென்று, பெரும்பாலும் காமிராக் கம்பெனியின் கணிப்பொறிகளை அடைந்து, அங்கிருந்து நமது செல்போனுக்கு வருகிறது. ஆகவே காமிராவுக்கென உள்ள கடவுச்சொல், கம்பெனியிடம் நாம் வைத்துள்ள கணக்கின் கடவுச்சொல், ரவுட்டரின் கடவுச்சொல் என்று பூட்டுகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. ஒன்றைப் பூட்டி மற்றொன்றைத் திறந்து வைத்தால் பயனில்லை.

தொழிற்சாலையிலிருந்து வரும்பொழுதே 'அட்மின்' என்றோ '12345' என்றோ ஒரு கடவுச்சொல் பழைய காமிராக்களிலும், பதிவுப் பெட்டியாகிய டி.வி.ஆர்.களிலும் வைக்கப்பட்டிருந்தது. அதை மாற்றாமலே லட்சக்கணக்கானோர் உபயோகித்து வந்தனர். 2016ஆம் ஆண்டில் 'மிராய்' என்னும் தீய நிரல் சுமார் 60 கடவுச்சொற்கள் அடங்கிய ஒரு பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, உலகெங்கும் இத்தகைய கருவிகளைத் தேடிப் பிடித்து அடிமையாக்கிற்று. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் தேதி அவற்றில் பல ஏககாலத்தில் ஏவப்பட்டபொழுது, அமெரிக்காவில் பிரபல இணையதளங்கள் பல மணிக்கணக்கில் முடங்கின. இதைச் செய்தவை பெரிய யந்திரங்களல்ல. கடைகளிலும் வீடுகளிலும் மாட்டியிருந்த காமிராப் பெட்டிகளே. இந்நிரல் கருவியை அணைத்துப் போட்டால் அழிந்துவிடும். ஆனால் கடவுச்சொல்லை மாற்றாமல் மீண்டும் இணைத்தால் சில நிமிஷங்களிலேயே திரும்ப வந்து பற்றிக்கொள்ளும். அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று நம்புவோர் இதைக் கவனிப்பாராக.

மற்றொரு வழி, ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தால் ஏற்படுவது. வேறு எங்கோ ஓர் இணையக் கடையிலிருந்து திருடப்பட்ட கடவுச்சொல்லை, நம் காமிராக் கணக்கிலும் திருடன் பொருத்திப் பார்க்கிறான். 2019ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் மிஸிஸிப்பி மாகாணத்தில், எட்டு வயதுச் சிறுமியின் அறையிலிருந்த காமிரா வழியே அந்நியன் ஒருவன் அக்குழந்தையிடம் பேசிய சம்பவம் அந்நாட்டையே திடுக்கிடச் செய்தது. அக்காலத்தில் நடந்த இத்தகைய சம்பவங்கள் பலவற்றுக்கும் இந்தப் பழக்கமே காரணமென்று சொல்லப்பட்டது. 2025 இறுதியில் தென்கொரியப் போலீஸார், ஏறத்தாழ 1,20,000 காமிராக்களுக்குள் புகுந்ததாக நால்வரைக் கைது செய்தனர். எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொற்களே அங்கும் கதவைத் திறந்துவிட்டன. நம் நாட்டிலும் அதே 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், குஜராத்தில் ராஜ்கோட் நகரப் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றின் காமிராப் பதிவுகள் திருடப்பட்டு விலைக்கு விற்கப்பட்ட செய்தியைப் பலரும் படித்திருப்பர்.

ஆயினும் கிராமங்களைப் பொறுத்தவரை, தூரதேசத் திருடனைக் காட்டிலும் நாம் முதலில் எண்ண வேண்டியவர் காமிராவைப் பொருத்திக் கொடுத்தவரே. அவரைக் குற்றம் சாட்டுவது நமது நோக்கமன்று. நம்மவர்க்குப் பழக்கமில்லாமையால், சௌகரியத்தை உத்தேசித்து அவர் தமது செல்போன் எண்ணிலேயே கணக்கைத் தொடங்கி, நம்மை அதில் விருந்தாளிபோல் சேர்த்துவிட்டுப் போகிறார். ஐம்பது வீடுகளுக்குப் பொருத்தினால் ஐம்பதுக்கும் ஒரே கடவுச்சொல். பணம் நம்முடையது, சுவர் நம்முடையது. ஆனால் சட்டப்படி அல்லாவிட்டாலும் நடைமுறையில் காமிராவின் சொந்தக்காரர் அவரே. மேலே சொன்ன தோட்டத்து வீட்டிலும் அனுமதி பெற்றோர் பட்டியலைப் பார்த்தபொழுது, கணக்கு கடைக்காரர் பேரிலும், கடையை விட்டு விலகிப்போன பையன் ஒருவனின் செல்போன் உள்பட இரண்டு அந்நிய எண்கள் அதனுடன் இணைந்தும் இருந்தன. திருப்பியது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. மின்சாரமாகக்கூட இருக்கலாம்.

உடனே செய்யவேண்டியவை

ஐயம் உறுதிப்பட்டால் முதற்காரியம் காமிராவின் மின் இணைப்பைப் பிடுங்கிவிடுவது. அதற்கு அடுத்தபடியாகப் பலர் அவசரப்பட்டு ரீசெட் பொத்தானை அழுத்திவிடுகின்றனர், அது பிழை. போலீஸாரிடம் போகவேண்டி வந்தால் சாட்சியம் வேண்டும். செயலியில் தெரியும் அனுமதிப் பட்டியல், நுழைவு விவரம், வந்த தகவல்கள் ஆகியவற்றைத் தேதி தெரியும்படி படமெடுத்து வைத்துக்கொள்ளவேண்டும். காமிராவிலுள்ள மெமரி கார்டைக் கழற்றித் தனியே பத்திரப்படுத்தவேண்டும்.

பிறகு கடவுச்சொற்களை மாற்றவேண்டும். இதிலும் ஒரு வரிசை உண்டு. காமிராக் கணக்கு எந்த மின்னஞ்சலில் தொடங்கப்பட்டதோ, அம்மின்னஞ்சலின் கடவுச்சொல்லையே முதலில் மாற்றுதல் அவசியம். மின்னஞ்சல் திருடன் வசம் இருக்கும்வரை, மற்றவற்றை எத்தனை முறை மாற்றினாலும் அவன் மறந்துபோனவன்போல் நடித்துப் புதியதைப் பெற்றுவிடுவான். அதன்பின் காமிராக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் செல்போன்களிலிருந்தும் வெளியேற்றும் கட்டளையைக் கொடுத்து, அனுமதிப் பட்டியலில் குடும்பத்தாரைத் தவிர மற்ற எல்லோரையும் நீக்கவேண்டும். கடவுச்சொல்லுக்குப் பின் செல்போனுக்கு வரும் ஓ.டி.பி.யையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு முறை இருப்பின் அதையும் அமைத்துவிடுக. அந்த ஓ.டி.பி.யைக் கேட்டு யார் டெலிபோன் செய்தாலும் சொல்லலாகாது.

இவை முடிந்தபின்னரே ரீசெட் செய்யவேண்டும். அங்கும் ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது. ரீசெட் செய்வதால் காமிராவிலுள்ள அமைப்புகள் அழியும். ஆனால் பல கம்பெனிகளின் காமிராக்களில் பழைய கணக்கோடு உள்ள பிணைப்பு அதனால் அறுபடாது. கணக்கு பொருத்தியவரின் பேரில் இருந்தால், அவரையே நேரில் வரவழைத்து, அவருடைய செல்போனிலிருந்து நம் கண்ணெதிரில் காமிராவை நீக்கச் செய்து, பிறகு நம் எண்ணில் புதிதாகச் சேர்த்துக்கொள்ளவேண்டும். அவர் மறுத்தாலோ, ஊரைவிட்டுப் போயிருந்தாலோ, வாங்கிய ரசீதுடன் கம்பெனிக்கு எழுதலாம். ரசீது இல்லாமல் வாங்கியவர்களுக்கு இவ்விடத்தில்தான் சங்கடம்.

மீண்டும் இணைத்தவுடன் காமிராவின் உள்நிரலைப் புதுப்பிக்கவேண்டும். செயலியிலேயே அதற்கு இடமுண்டு. 2021ஆம் ஆண்டில், உலகில் மிகுதியாக விற்பனையாகும் ஒரு கம்பெனியின் காமிராக்களில், கடவுச்சொல் இல்லாமலே உள்ளே புகத்தக்க ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. கம்பெனி அதை அடைக்கும் புதிய நிரலை வெளியிட்டது. ஆனால் அதை ஏற்றிக்கொள்ளாதவர்களுக்கு எவ்வளவு நல்ல கடவுச்சொல்லும் உதவாது. புதிய நிரல் வருவது நின்றுபோன பழைய காமிராவை இணையத்தோடு இணைக்காமல், வீட்டிலேயே பதிவு செய்யும்படி மட்டும் வைத்துக்கொள்வது உத்தமம்.

ரவுட்டருக்கு இரண்டு கடவுச்சொற்கள் உண்டு. வைஃபையில் சேர்வதற்கு ஒன்று. ரவுட்டரின் அமைப்புகளையே திறப்பதற்கு மற்றொன்று. பின்னதை எவரும் மாற்றுவதில்லை. அதை மாற்றுவதோடு, டி.வி.ஆரை வெளியிலிருந்து நேரே பார்ப்பதற்காக 'போர்ட் பார்வர்டிங்' என்னும் வழி திறந்துவிடப்பட்டிருந்தால் அதையும் மூடச் சொல்லவேண்டும். இணைய இணைப்புக் கொடுக்கும் கேபிள்காரருக்கு இது தெரிந்த வேலைதான். விருந்தினருக்கென்று தனி வைஃபை அமைக்கும் வசதி ரவுட்டரில் இருந்தால், காமிராக்களை அதில் இணைத்துவிட்டுப் பாங்குக் கணக்குப் பார்க்கும் செல்போனை வேறாக வைத்துக்கொள்ளலாம்.

கடவுச்சொல் எவ்வாறு இருக்கவேண்டும் என்று கேட்பார்கள். ஊர்ப் பெயர், மகன் பெயர், டிராக்டர் எண், செல்போன் எண் இவை வேண்டா. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து எழுதினால் நீளமாகவும் இருக்கும், நினைவிலும் நிற்கும். இருந்தும் மறந்துபோகும் என்று அஞ்சுவோர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, பட்டாவும் பத்திரமும் வைத்திருக்கும் பெட்டியில் வைக்கட்டும். எழுதி வைப்பது கூடாதென்று நகரத்தவர் சிலர் சொல்லக்கூடும். கடல் கடந்த திருடன் நம் பீரோவைத் திறக்க வரமாட்டான்.

இவ்வளவு செய்தும் எதுவும் முழுப் பாதுகாப்பாகிவிடாது. ஆகையால் காமிரா எங்கே பார்க்கிறது என்பதே முக்கியம். படுக்கையறை, பெண்கள் குளிக்கும் கிணற்றடி, கைக்குழந்தைக்குப் பாலூட்டும் இடம் இவற்றின் பக்கம் எக்காரணம் கொண்டும் அது திரும்பலாகாது. வாசலையும் வண்டிப்பாதையையும் மோட்டார்க் கொட்டகையையும் பார்க்கட்டும். அங்கிருந்து படம் வெளியே போனாலும் நஷ்டம் சிறிது.

பஞ்சாயத்துகளின் கவனத்துக்கு

பஸ் நிறுத்தம், தண்ணீர்த் தொட்டி, பஞ்சாயத்து அலுவலகம் முதலிய இடங்களில் காமிரா அமைத்துள்ள பஞ்சாயத்துகள் பல. அவற்றின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று கூட்டத்தில் கேட்டால், பெரும்பாலும் அங்கத்தினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். முந்தைய தலைவர் செல்போனில் இருக்கும். மாற்றலாகிப்போன செயலரிடம் இருக்கும். பொருத்திய கான்டிராக்டரிடம் நிச்சயம் இருக்கும். பொறுப்பு மாறும்பொழுது சாவிக்கொத்தையும் ரிஜிஸ்தர்களையும் ஒப்படைப்பதுபோல் இதையும் ஒப்படைத்து, அன்றே மாற்றிவிடவேண்டும். பார்க்க உரிமையுள்ளோர் யாவர், பதிவைக் கேட்டு வருவோருக்கு யார் உத்தரவின்பேரில் கொடுப்பது என்பவற்றைத் தீர்மானமாக எழுதி வைத்தல் நல்லது. ஊர்ப் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் இடத்துப் பதிவு, கேட்டவர்க்கெல்லாம் காட்டும் வேடிக்கைப் பொருளன்று.

புதிதாக வாங்குவோர் கவனிக்க ஒன்றுண்டு. காமிராக்களுக்கான பாதுகாப்பு நிபந்தனைகளை மத்திய அரசாங்கம் 2024 ஏப்ரலில் வெளியிட்டு, 2025 ஏப்ரல் முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. அவற்றின்படி சோதிக்கப்பட்டுப் பதிவு பெற்ற மாடல்தானா என்று கேட்டு வாங்கவேண்டும். விலை குறைவு என்பதற்காகப் பெயரில்லாத காமிராவைச் சந்தையில் வாங்குவது பின்னால் செலவு வைக்கும்.

குற்றம் நடந்தது தெளிவானால் மறைக்கவேண்டாம். ஒருவருடைய அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதமின்றிப் படமெடுத்தோ பரப்பியோ அந்தரங்கத்துக்குப் பங்கம் செய்வோருக்கு, 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66 'இ' பிரிவின்படி 3 ஆண்டுவரை சிறையோ, 2 லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மாவட்டத்துச் சைபர் குற்றப் போலீஸ் நிலையத்திலோ, மத்திய உள்துறையின் சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ புகார் செய்யலாம். பணமும் பறிபோயிருந்தால் தாமதமின்றி 1930 என்னும் எண்ணுக்குப் பேசவேண்டும். அது முக்கியமாகப் பணமோசடிக்கென ஏற்பட்டது.

தோட்டத்து வீட்டுக் காமிரா இப்பொழுது மகன் பேரில் இருக்கிறது. திண்ணையிலிருந்து கழற்றி, வண்டிப்பாதையைப் பார்க்கும்படி வேப்பமரத்தடிக் கம்பத்தில் மாட்டியிருக்கிறார்கள். சென்ற மாதம் அப்பெரியவர் பழைய செல்போனைக் கடையில் கொடுத்துப் புதியது மாற்றிக்கொள்ளப் புறப்பட்டபொழுது, காமிராச் செயலியிலிருந்து அதை முதலில் வெளியேற்றிவிடும்படி நினைவூட்டியவர் துண்டு போட்ட அதே மூதாட்டிதான்.